கூப்பிடாத முதலாளியம்மா

எங்கள் கடைத்தெருவில் பேரம் பேசத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வெறும் பேச்சுதான். இரும்புச் சாமான் கடைக்காரர் தன் ஒரே மகளை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் கொடுத்தார். அந்த மாப்பிள்ளை எந்தப் பொருளை எடுத்தாலும் அதில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் படித்து, அதே பணத்தை எண்ணி வைத்துவிட்டு வருகிற ஆள். கல்யாணமான புதிதில் மாமனாருக்கு ஒரு குடை வாங்கி வந்தார்.

"என்ன விலை மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை சொன்னார்.

"கடைக்காரன் சொன்ன விலையைக் கேக்கல. நீங்க கொடுத்த விலை?"

"அதேதான் மாமா."

மாமனார் அந்தக் குடையை இன்றுவரை விரிக்கவில்லை. நனைந்தால் நஷ்டம் இன்னும் கூடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மகள் வேறு வார்ப்பு. அலமாரி செய்கிற ஒரு கம்பெனியில் எட்டு வருஷமாகக் கொள்முதல் பார்க்கிறாள். கீல், திருகாணி, கைப்பிடி, பூட்டு, உருட்டுச் சக்கரம் என்று மரத்தைத் தவிர ஒரு அலமாரிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அவள் கை பட்டுத்தான் உள்ளே வரும். விற்க வருகிறவர் விலை சொன்னதும் மூக்கில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு சுளிப்பு. அதன் பிறகு, சொன்னதில் கால்வாசியைப் பதில் விலையாகச் சொல்லுவாள். அது ஆரம்பம்தான், பேரம் படியும்போது முக்காலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் ஆரம்பத்தின் அதிர்ச்சியிலேயே அவளுக்குக் 'கால்வாசி' என்று பெயர் விழுந்துவிட்டது. விற்பனையாளர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னது கம்பெனிக்குள் பரவி, கடைசியில் பெற்ற அப்பாவே வாய் நிறையச் சொல்லிக்கொண்டார்: "எங்க கால்வாசி."

சிக்கல் என்னவென்றால், கால்வாசிக்கு அலுத்துவிட்டது. ஒரு கீலின் விலையை இன்னும் எத்தனை வருஷம்தான் கிள்ளிக்கொண்டிருப்பது? தான் வாங்கிப் போடுகிற சாமான் எந்த மேசையில், எதற்கு அடுத்து எது என்று சேர்ந்து ஒரு பொருளாக எழுந்து நிற்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டாள். உற்பத்திப் பக்கம் மாற்றிவிடுங்கள் என்று மேலாளரிடம் பலமுறை கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீ அந்தப் பக்கம் போய்ட்டா இங்க விலையை யாரும்மா குறைப்பா?"

நன்றாகக் கறக்கிற மாட்டை யாரும் ஏர் பழக அனுப்புவதில்லை. அவள் வெளியே தேட ஆரம்பித்தாள். இரண்டு கதவு திறந்தது.

முதல் கதவு பெரியது. ஊருக்கு ஊர் தங்கும் விடுதி நடத்துகிற ஒரு நிறுவனம். அறைக்கதவுகளுக்குப் பூட்டும் கைப்பிடியும் வாங்க ஆள் வேண்டும். இப்போது வாங்குகிற சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இரண்டாவது கதவு சின்னது. ஊர் ஓரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே உற்பத்தியைத் திட்டமிட ஆள் தேடினார்கள். எந்தக் கட்டில் எந்த நாளில் முடிய வேண்டும், அதற்கு எந்தச் சாமான் எப்போது வந்து நிற்க வேண்டும் என்று பார்க்கிற வேலை. சம்பளம் என்னவென்று நேரில்தான் சொல்லுவார்களாம்.

அவள் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மூன்று வயது மகளே சொல்லிவிடுவாள். அம்மா ஒரு வாரமாக வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த மகளைத் தூங்க வைக்க அவர்கள் வீட்டில் தனி அறை கிடையாது. இருப்பது ஒரே படுக்கையறை. அதில் மூன்று பேர். அதே கட்டடத்தில் மாடி வீடு அப்போதுதான் காலியாகியிருந்தது. இரண்டு படுக்கையறை, ஒன்றில் கிழக்குப் பார்த்த ஜன்னல். வாடகையைக் கேட்டபோது பெரிய நிறுவனத்தின் சம்பளத்தைத் தெரிந்துகொண்டே சொன்ன மாதிரி இருந்தது. மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்றார் வீட்டுக்காரர்.

அப்பாவின் கடைப் பின்னறையில் பஞ்சாயத்து கூடியது. பெயின்ட் டப்பாக்கள்தான் நாற்காலி. சுவரில் வரிசையாகத் தண்ணீர் பார்த்தே இராத குழாய்கள். அப்பா ஒரு டப்பாவில். கல்லாப்பெட்டியை ஆளுகிற அத்தை, அப்பாவின் அக்கா, இன்னொன்றில்.

"ஒன்றரை மடங்கு தர்றவனுக்கு நீ ஒண்ணேகாலுக்கே வருவேன்னு தெரியாம போச்சு. வாயைத் திறக்காம வாங்கிக்க," என்றார் அப்பா.

"அதே வேலைப்பா. அங்க கீல் கூடக் கிடையாது. பூட்டும் கைப்பிடியும் மட்டும்தான்."

"கீல் இல்லாட்டி என்ன, சம்பளம் இருக்கே."

"பத்து வருஷம் கழிச்சு நான் என்னவா இருப்பேன், சொல்லுங்க."

"பத்து வருஷமா ஒன்றரை மடங்கு வாங்கினவளா இருப்ப. அதைவிட என்ன ஆகணும்?"

அத்தை குறுக்கே வந்தாள். "வளர்ச்சி வளர்ச்சிங்கற. அதை எடை போட்டுப் பார்த்தியா? சம்பளம் கடைக்கு வந்து இறங்கின சரக்கு. வளர்ச்சி கப்பல்ல வர்ற சரக்கு. கப்பல் வரலாம், கவிழலாம், வேற ஊருக்குத் திரும்பிப் போய்டலாம்."

"கப்பல்ல வர்றதுலதான் அத்தை லாபம் அதிகம்."

அத்தை தம்பியைப் பார்த்தாள். "யாருடா இதை வளர்த்தது?"

"நீதான்."

"அதான் பார்த்தேன்," என்றாள் அத்தை, கொஞ்சம் திருப்தியோடு. "சரி, கட்டில்காரங்களையும் போய்ப் பாரு. அவங்க சம்பளம் சொன்னதும் தலையை ஆட்டிடாத. எந்திரிச்சு வந்துடு. பின்னாடியே கூப்பிடுவாங்க."

எழுந்து வருவது என்பது அந்தக் குடும்பத்தில் ஒரு வித்தை. ஜவுளியோ பாத்திரமோ, எதை வாங்கப் போனாலும் அத்தை கடைசியில் எழுந்துவிடுவாள். ஆனால் எழுந்தவள் போய்விட மாட்டாள். பையைத் தேடுவாள். செருப்பு மாட்டுவாள், மாட்டிய செருப்பைக் கழற்றி உள்ளே மண் இருக்கிறதா என்று தட்டுவாள். வாசற்படியில் நின்று வானத்தைப் பார்ப்பாள். அவள் தெருவில் கால் வைப்பதற்குள் கடைக்காரர் விலையை இறக்கிக் கூப்பிட்டிருப்பார். அப்பா விற்கிற பக்கத்து நிபுணர்: எழுந்து போகிற ஆளை எந்தப் படியில் கூப்பிட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அக்கா வாங்க வந்தவளாகவும் தம்பி கடைக்காரராகவும் எதிரெதிரே நின்றிருந்தால் இருவருமே வாசலில் நின்று கிழவர்களாகியிருப்பார்கள்.

சாயங்காலம் கணவரின் கடைக்குப் போனாள். கடைசி ஆள் போனபின் பரிசோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் பழக்கதோஷத்தில் அவள் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைச் செருகினார்.

"இது பெரிய கம்பெனி." வில்லையை மாற்றினார். "இது கட்டில். எது தெளிவா இருக்கு?"

"ரெண்டாவது."

"அவசரப்படாத. மாடி வீட்டையும் சேர்த்துப் பாரு. முதலாவதா, ரெண்டாவதா?"

அவள் கொஞ்ச நேரம் எதிர்ச்சுவர் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவதுதான். ஆனா முதலாவதும் மங்கலா இல்லையே. அதான் பிரச்னை."

"எது வேணும்னு தெரிஞ்சு போச்சு. நாளைக்குப் போ, விலையைக் கேளு, சரின்னு சொல்லு."

"உங்களுக்கு எல்லாத்துலயும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கணும்."

"ஒட்டியிருந்தா எவ்வளவு நிம்மதி," என்றார் அவர். "அறை ஒண்ணு குறைஞ்சா குறையட்டும். நமக்குக் கண்ணு நல்லா இருக்கு, இருட்டுல மிதிச்சுக்க மாட்டோம்."

மறுநாள் கட்டில் தொழிற்சாலை. கேட்டைத் தாண்டியதும் ஒரு திறந்த வெளி. அங்கே கட்டில்கள் வரிசையாக நின்றன, ஒன்றுக்கும் சக்கரமில்லை. கால்களுக்கு அடியில் மரக்கட்டை. அதைத் தாண்டிக் கொட்டகை. முதலாளியம்மாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. காதோரம் பென்சில், கையில் ஸ்பானர். வந்தவளை உட்காரச் சொல்லாமல் நடக்கச் சொன்னார். குழாய் வெட்டுகிற இடம், வளைக்கிற இடம், பற்றவைக்கிற இடம், பெயின்ட் காய்கிற சூட்டறை. கடைசியில் முடிந்த கட்டில் ஒன்று.

"இந்தக் கைப்பிடியைச் சுத்திப் பாருங்க."

அவள் சுற்றினாள். கட்டிலின் தலைப்பக்கம், தூக்கம் கலைந்த மகாராஜா மாதிரி, அவசரமே இல்லாமல் எழுந்தது.

"இன்னொரு தடவை சுத்தலாமா?"

"சுத்துங்க. கட்டில் உங்களைத் திட்டாது."

அந்த இரண்டாவது சுற்றிலேயே அவள் விலைபோய்விட்டாள். ஆசையை முகத்தில் காட்டியவன் பாதி பணத்தைக் கொடுத்தாயிற்று என்று எங்கள் தெருவில் சொல்வோம். அவள் முகம் அப்போது கடை விரித்துக் கிடந்தது. மாடி அறைக்குப் போனார்கள். முதலாளியம்மா அவள் எட்டு வருஷத்தைப் பற்றி விசாரித்தார். அவள் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். பிறகு சம்பளத்தைச் சொன்னார். இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு.

"என்னால முடிஞ்சது இவ்வளவுதான்," என்றார்.

சரி என்று சொல்லத்தான் கால்வாசி வாயைத் திறந்தாள். அதற்குள் மூக்கில் அந்த ஈ வந்து உட்கார்ந்தது. முகம் தானாகச் சுளித்தது. நாக்கு தானாகச் சொன்னது: "யோசிச்சுச் சொல்றேன்." கால்கள் தானாக எழுந்துவிட்டன. மூன்று தலைமுறைப் பழக்கம். அவளைக் கேட்டா நடக்கும்?

"நல்லது, யோசிங்க," என்றார் முதலாளியம்மா, ஸ்பானரை எடுத்துக்கொண்டு.

கால்வாசி பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். கதவு வரை போய்க் கதவின் கைப்பிடியைத் தொழில்முறையில் ஆராய்ந்தாள். நல்ல கைப்பிடி. யாரும் கூப்பிடவில்லை. படியில் இறங்கும்போது சுவரில் இருந்த பாதுகாப்பு விதிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதை இரண்டு முறை. கூப்பிடவில்லை. முற்றத்தில் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவினாள். சக்கரமில்லாத கட்டில்களைச் சுற்றி வந்தாள்; அவற்றின் மேல் போர்த்தியிருந்த பாலித்தீனில் நல்ல தூசி. காவல்காரரிடம் அந்த மரம் என்ன மரம் என்று கேட்டாள். அது விளக்குக் கம்பம் என்றார் அவர்.

அந்த நேரத்தில் ஒரு இளைஞன் கையில் கோப்போடு வந்து, முதலாளியம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனான். போட்டிக்கு ஆள் வந்தாயிற்று. கைப்பேசியை எடுத்தாள்.

"அத்தை, கூப்பிடல."

"எங்க நிக்கற?"

"கேட்டு வாசல்ல."

"மெதுவா வந்தியா?"

"இதைவிட மெதுவா வந்தா நிலம் அளக்க வந்தவள்னு நினைப்பாங்க."

மறுமுனையில் கல்லாப்பெட்டி மூடுகிற சத்தம். அத்தை யோசிக்கிறாள் என்று அர்த்தம். "அப்படின்னா அந்தம்மா நெஜமான விலையைச் சொல்லியிருக்காங்க."

"நெஜமான விலை சொல்றவங்ககிட்ட என்ன அத்தை பண்ணணும்?"

"எனக்கு எப்படிடி தெரியும்? அப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லையே."

எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது: இறங்கிய கடைக்குத் திரும்பி ஏறுவது. திரும்பி வருகிறவனுக்குச் சொன்ன விலைதான். அதற்கு மேலும் கேட்பார்கள், கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். கால்வாசி கேட்டைப் பார்த்தாள். கொட்டகைக்குள் யாரோ எதையோ பற்றவைக்கிற நீல வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது. பெரிய நிறுவனத்தில் பூட்டையும் கைப்பிடியையும் எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தன்னை நினைத்துப் பார்த்தாள். திரும்பி நடந்தாள்.

"எதையாவது மறந்துட்டீங்களாம்மா?" என்றார் காவல்காரர்.

"ஆமா."

"என்னத்த?"

"வேலையை."

மாடியில் இளைஞன் நாற்காலியில் இருந்தான். வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தாததால் பேச்சு காதில் விழுந்தது. அவன் கேட்ட சம்பளம் முதலாளியம்மா அவளுக்குச் சொன்னதைவிடக் குறைவு. சரியான ஆள் என்று அவளுடைய தொழில் மூளை மெச்சியது; மற்ற மூளை அழுதது. கொஞ்ச நேரத்தில் இளைஞன் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனான். அவள் உள்ளே போனாள்.

"அதுக்குள்ள யோசிச்சுட்டீங்களா?"

"யோசிக்கவே இல்லைங்க. நீங்க கூப்பிடுவீங்கன்னு கீழ நின்னுட்டு இருந்தேன்."

"நான் எதுக்குக் கூப்பிடணும்? யோசிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. யோசிக்கிறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டேன்."

கால்வாசி தன் குடும்ப வித்தையை விளக்கினாள். பை, செருப்பு, வானம் எல்லாம். முதலாளியம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சரி, வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும்."

"இப்ப வந்தவர் குறைச்சலா கேக்கறாரே. நீங்க வாங்குற பக்கம் உட்கார்ந்தவங்க. என் இடத்துல இருந்தா யாரை எடுப்பீங்க?"

'அவரைத்தான்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். "அந்தக் கட்டிலெல்லாம் எதுக்காகக் காத்திருக்கு?"

"சக்கரத்துக்கு."

"சக்கரம் யாருகிட்ட வாங்கறீங்க?"

முதலாளியம்மா சொன்னார். அவளுக்குத் தெரிந்த ஆள்தான். அலமாரிக் கம்பெனிக்கும் அவர்தான் சக்கரம் கொடுக்கிறார்.

"விலையைக் குறைச்சீங்களா?"

"போன வருஷம் நல்லா இறக்கினோம். பெருமையாத்தான் இருந்துச்சு."

"அப்ப வராது," என்றாள் கால்வாசி. "நானும் அவரை இறக்கினேன். அதுல இருந்து ஒவ்வொரு தடவையும் லாரி பஞ்சர், மழை, மச்சானுக்குக் கல்யாணம். அவருக்கு ஒரே மச்சான்தான், இதுவரைக்கும் மூணு தடவை கல்யாணம் ஆயிருக்கு. விசாரிச்சுப் பார்த்தா முழு விலை கொடுக்கிறவங்களுக்கு முதல்ல அனுப்பறார். நாம விலையில கிள்ளினா அவர் நாள்ல கிள்ளுவார்."

"விலையை ஏத்திக் கொடுக்கச் சொல்றீங்களா? கால்வாசியா இதைச் சொல்றது?"

"அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தச் சக்கரக்காரர்தான் சொன்னார். நீங்க இங்க வரப்போறதா கேள்விப்பட்டு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலையாம்."

கால்வாசிக்கு முதல்முறையாகச் சக்கரக்காரர் மீது கொஞ்சம் பரிதாபம் வந்தது. "இறக்கினதுல பாதியை ஏத்திக் கொடுங்க. மீதிக்குப் பதிலா, வர்ற மூணு மாசத்துக்கு எவ்வளவு சக்கரம் வேணும்னு இப்பவே சொல்லிடுங்க. அவருக்குப் பணத்தைவிட அது பெரிசு. நம்பிச் சரக்கு வாங்கிப் போடுவார்."

"மூணு மாசத்துக்கு எவ்வளவு வேணும்னு எனக்கே தெரியாதே."

"அதுக்குத்தானேங்க ஆள் தேடறீங்க."

முதலாளியம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டினார். "சம்பளம் ஏறாது."

"நான் கேக்கலையே. கொசுறு மட்டும் ஒண்ணு வேணும்."

"வந்துடுச்சா? சொல்லுங்க."

"முதல் ஆறு மாசம், குழாய் வெட்டறதுல இருந்து பெயின்ட் வரைக்கும் ஒவ்வொரு பிரிவிலயும் நான் நின்னு வேலை செய்யணும். மேசையில மட்டும் உட்கார்ந்தா எனக்குக் கடைசி வரைக்கும் தாள்ல வரைஞ்ச கட்டில்தான் தெரியும்."

முதலாளியம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இதை யாராவது கொசுறுன்னு கேப்பாங்களா? நானே அதைக் கட்டாயம்னு சொல்றதா இருந்தேன். ரெண்டு வருஷத்துல கொட்டகையை முழுசா உங்க கையில விடணும்னு எனக்கு ஆசை. இந்த வேலைக்குத்தான் ஆள் எடுக்கறேன்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா அப்பவே சரின்னு சொல்லியிருப்பேனே."

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள எந்திரிச்சுப் போய்ட்டீங்க."

வேலை படிந்தது. கிளம்பும்போது கால்வாசிக்கு அந்த இளைஞன் ஞாபகம் வந்தது. "அவர்கிட்ட சொல்லுங்க, அலமாரிக் கம்பெனியில என் நாற்காலி காலியாகுது. குறைச்சலா கேக்கத் தெரிஞ்சவர், குறைச்சலா வாங்கவும் கத்துப்பார்."

நேராக அப்பாவின் கடைக்கு வந்து பின்னறையில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அப்பா முதலில் சம்பளத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு குழாயைத் திறந்து மூடினார்.

"இப்ப வாங்கறதைவிடக் குறைவு. திரும்பிப் போய் வேற கேட்டிருக்க. வெளிய சொல்லிடாதம்மா, நம்ம கடைக்குப் பேரு இருக்கு."

அவர் முடிப்பதற்குள் பெரிய நிறுவனத்திலிருந்து அழைப்பு. அத்தை ஜாடை காட்டவே, கால்வாசி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மேடம், எப்ப சேர்றீங்க?" என்றது ஒரு மெருகேறிய குரல்.

"மன்னிக்கணும் சார். வேற இடத்துல சேர்றேன்."

"ஒரு நிமிஷம் மேடம்." ஏதோ தட்டுகிற சத்தம். "ஒன்றே முக்கால் மடங்கு தர்றோம்."

அத்தை எழுந்து நின்றாள்.

"இல்லீங்க சார்."

"லைன்லயே இருங்க மேடம்." யாரிடமோ கிசுகிசுத்துவிட்டு வந்தது குரல். "ரெண்டு மடங்கு. இதுக்கு மேல எங்களுக்கு அனுமதி இல்ல."

அத்தை உட்கார்ந்துவிட்டாள். அப்பா பெயின்ட் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால்வாசி கல்லாகிவிடவில்லை. மாடி வீட்டின் கிழக்கு ஜன்னல், வெயிலோடு, திரைச்சீலையோடு கண் முன்னால் வந்து நின்றது. அதில் மகள் எக்கி நின்று தெருவைப் பார்ப்பது கூடத் தெரிந்தது. அந்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு, பூட்டு, கைப்பிடி, பூட்டு, கைப்பிடி என்று அது போகிற தூரத்தையும் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி சார். உண்மையிலேயே வேண்டாம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அத்தைதான் முதலில் மூச்சு விட்டாள்.

"எப்படிடி பண்ணின? நான் இத்தனை வருஷமா எந்திரிச்சு வர்றேன், ஒருத்தனும் எனக்கு இப்படி மாறி மாறி ஏத்தினதில்ல."

"நான் ஒண்ணும் பண்ணல அத்தை. நெஜமாவே வேண்டாம்னுதான் சொன்னேன்."

"நெஜமாவேவா?" அத்தை அதை உருட்டிப் பார்த்தாள். "அதை நான் செஞ்சு பார்த்ததில்ல."

"ரெண்டு மடங்கும்மா," என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல். "ரெண்டு." அன்று கடை மூடும் வரை வந்தவர்களுக்கெல்லாம் அவர் தள்ளுபடி கொடுத்தார் என்றும், கேட்காமலே கொடுத்தார் என்றும் தெருவில் பேச்சு.

மாத முடிவில் மாடி வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது. அவர்கள் சாமான் ஏறுகிற ஞாயிற்றுக்கிழமையிலேயே கால்வாசி வீட்டில் கீழே இன்னொரு குடிமாற்றம் நடந்தது. கூடத்தின் ஒரு மூலையை இரும்பு அலமாரியால் தடுத்து, மகளுக்கு ஓர் அறை. அறை என்றால் மூன்று பக்கம் சுவர் மாதிரி, ஒரு பக்கம் திரை. படுக்கையறையிலிருந்து அலமாரி வெளியே வர வேண்டும். அதற்கு மேசை நகர வேண்டும். மேசை நகரச் சோபா செங்குத்தாக நிற்க வேண்டும். சோபா நிற்கிற இடத்தில் கணவர் நிற்கக் கூடாது. கால்வாசி தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருந்தாள்.

தொழிற்சாலையில் அவள் குழாய் வெட்டுகிற வாரம் அது. விரலில் இரண்டு பிளாஸ்திரி. சக்கரக்காரருக்கு மூன்று மாதக் கணக்கைச் சொன்ன பிறகு அவருடைய மச்சான் கல்யாணங்கள் நின்றுபோயிருந்தன.

உதவிக்கு வந்த அப்பா, எண்ணெல்லாம் பார்க்காமல் கைக்கு எட்டியதைத் தூக்கினார்.

"அப்பா, அதைத் தொடாதீங்க. அதுக்கு முன்னாடி இது."

"யாரு சொன்னா?"

"நான் சொன்னேன். இப்ப எனக்கு இதுதான் தொழில்."

"சம்பளம் குறைஞ்சாலும் அதிகாரம் ஏறியிருக்கு," என்றார் அப்பா மாப்பிள்ளையிடம். அவர் தலையில் சோபா இருந்தது. மகள் சாக்பீஸை எடுத்து அம்மாவின் எண்களுக்குப் பக்கத்தில் தன் எண்களைக் கிறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால் ஐந்துக்குப் பிறகு என்ன என்பதில் சின்னக் குழப்பம் வந்து, மேசை கொஞ்ச நேரம் வாசற்படியில் மாட்டிக்கொண்டது. ஒருவழியாக அலமாரி மூச்சு வாங்கிக்கொண்டே மூலைக்கு வந்து, கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்தது. கால்வாசி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். ஒரு பக்கம், திரைக்கு விட்ட இடத்தில், இப்போதைக்குச் சோபா செங்குத்தாக நின்று வழியை அடைத்திருந்தது. மறுபக்கம் ஒரு விரல்கூட நுழையாது. திருப்தியாக இருந்தது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மாடி, நான் வெளிய வர்றது உன் திட்டத்துல எத்தனாவது?"

கால்வாசி குனிந்து தரையைத் தேடினாள். அப்பாவுக்கு அதில் எண்ணே இல்லை.

"கொஞ்சம் பொறுங்கப்பா," என்றாள் சாக்பீஸை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டே. "யோசிச்சுச் சொல்றேன்."

"ஐயோ, அதை மட்டும் சொல்லாத," என்றார் அப்பா.